முந்நூறு ரோஜா, மூன்று டஜன் முட்டை

அனுசுயாவுக்குப் பாகு வைக்கத் தெரியாது. பாகைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரியும். நேரில் அவளை மேடம் என்பேன். மனசுக்குள் வெறும் அனுசுயாதான்.

தில்லைநகரில் சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் சனி, ஞாயிறுகளில் வகுப்பு நடத்துவாள். பழத்தோலையும் பூவையும் வீட்டிலேயே சீனியேற்றிப் பதப்படுத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ளப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். "இது சமையல் இல்லைங்க, இது ஒரு தியானம்" என்று ஆரம்பிப்பாள். அந்தத் தியானத்துக்கு வேண்டிய ஆரஞ்சுத் தோலைக் காந்தி மார்க்கெட் பக்கத்து ஜூஸ் கடைகளில் மூட்டையாக வாங்கி வந்து, கழுவி, உள்பக்கத்து வெள்ளைச் சதையைச் சுரண்டி, மூன்று தடவை கொதிக்கவிட்டு மூன்று தடவையும் தண்ணீரைக் கொட்டிக் கசப்பெடுத்து, பாகில் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை சிறு தீயில் வேகவைத்து, தட்டில் பரப்பிக் காயவைப்பவள் நான். காய்ந்த தோலை இரண்டு விரலால் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டி, கண்ணை மூடிக் கடித்து, "ம்ம்ம்" என்று கேமராவைப் பார்த்துச் சொல்பவள் அவள். நோகாமல் நுங்கு தின்பது என்று எங்கள் துறையூர்ப் பக்கம் இதைத்தான் சொல்வார்கள்.

ஒருமுறை வகுப்புக்கு வந்த ஒரு பெண், தான் வீட்டில் செய்த தோல் ஏன் இப்படிக் கசக்கிறது என்று கேட்டாள். "கசப்பு பழத்தோட மனசுங்க. அதை மதிக்கணும்" என்றாள் அனுசுயா. அந்தப் பெண் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "முதல் தண்ணிய நீங்க கொட்டியிருக்க மாட்டீங்கக்கா. சீனி போடறதுக்கு முன்னாடியே கசப்ப எடுத்துடணும், போட்ட பிறகு என்ன செஞ்சாலும் போகாது" என்று பின்னாலிருந்து சொல்லிவிட்டேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் அனுசுயா என்னைக் கூப்பிட்டாள்.

"நான் பேசறப்ப நீ பேசாத சுஜா. ஃப்ளோ போயிடுது."

இன்னொரு நாள் கூடை நிறையச் செவ்வரளியோடு வந்து இறங்கினாள். "கலரைப் பாரேன்! இதுல சீனி தூவி வெச்சா என்னமா இருக்கும்!" என்றாள். "மேடம், இதைத் தின்னா நேரா ஓயாமாரிதான்" என்றேன். சுடுகாட்டின் பேரைக் கேட்ட பிறகுதான் கூடையைக் கீழே வைத்தாள். அன்றைக்கு மட்டும் ஃப்ளோ போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தோலுக்கு ஒரு வேலை என்றால் பூவுக்கு வேறு வேலை. பூவைப் பாகில் போட்டால் கூழாகிவிடும். இதழ் இதழாக எதையாவது மெல்லிசாகத் தடவி, நைசான சீனியைத் தூவி, நிழலில் காயவைக்க வேண்டும். அந்த 'எதையாவது' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் முட்டை வெள்ளைக்கருவைத் தடவுவார்கள். பளபளப்பாக வரும், சீக்கிரம் காயும். அனுசுயாவும் அதைத்தான் தடவச் சொல்வாள்.

முட்டை போடுவது தப்பே இல்லை. எங்கள் வீட்டில் அமாவாசையும் புரட்டாசிச் சனிக்கிழமையும் தவிர முட்டை இல்லாத நாள் கிடையாது. தப்பு, விற்பனைக்குப் போகிற பெட்டியின் மேல் அவள் ஒட்டியிருந்த பச்சைப் புள்ளி. புள்ளிக்குக் கீழே 'ப்யூர் வெஜ்' என்று வளைத்து வளைத்து எழுத்து வேறு.

"மேடம், இதுல முட்டை இருக்கே..." என்று ஒருநாள் இழுத்தேன்.

"வெள்ளைக்கருவுல உயிர் இல்ல சுஜா. சயின்ஸ்" என்றாள்.

சயின்ஸ் என்று சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. மூடிக்கொண்டேன் என்பதும் உண்மைதான்.

போன மாசி மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து வேதவல்லி மாமி வந்தார். சித்திரை வீதியில் வீடு. பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். வருகிறவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையோடு கொடுக்க, ஒரு சீனி ரோஜாவும் நாலு துண்டு ஆரஞ்சுத் தோலும் வைத்து முந்நூறு பெட்டி வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகூட உட்காராமல் கேட்டார்.

"இதுல முட்டை கிட்டை ஒண்ணும் கிடையாதே? எங்காத்துல தளிகைல வெங்காயமே சேர்க்கறதில்லை. சம்பந்தி ஆத்துல இன்னும் ஆசாரம். அதான் கேக்கறேன்."

"ஐயோ மாமி! வெறும் சர்க்கரையும் பன்னீரும்தான். கூடக் கொஞ்சம் அன்பு" என்றாள் அனுசுயா.

சொல்லிக்கொண்டே தன்னுடைய மாதிரிப் பெட்டியைத் திறந்தாள். வெல்வெட்டு ஒட்டிய மரப்பெட்டி. அதிலிருந்த பத்துப் பூ மட்டும்தான் அவள் தன் கையால் செய்தது. வீடியோவுக்காக, முட்டை உடைத்து, வெள்ளைக்கருவைத் தூரிகையால் தொட்டுத் தடவி. நான்தான் மஞ்சள்கருவைப் பிரித்துக் கொடுத்தேன். அந்தப் பெட்டியை எங்கே போனாலும் கைப்பையில் தூக்கிக்கொண்டு போவாள்.

மாமி இரண்டு இதழை எடுத்து வாயில் போட்டார். "நன்னாருக்கே!" என்று முகம் மலர்ந்தது. நாலு இதழைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, "சம்பந்தி மாமிக்கும் காமிச்சு ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்றார். நான் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீதான் கூட இருந்து பண்றியாம்மா?" என்றார். தலையை ஆட்டினேன்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அனுசுயாவை நினைத்து நினைத்துக் காறித் துப்பியதிலேயே வயிறு நிறைந்துவிட்டது. சோறு போடுகிற தொழிலில் இருந்துகொண்டு, கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறவர் வாயில் பொய்யை வைப்பவளை என்ன சொல்வது? அதைவிடக் கேவலம், அதைச் செய்துவிட்டு "அன்பு" என்கிறாளே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் அனுசுயா மூன்று டஜன் முட்டையை மேஜை மேல் வைத்து, "இது அந்த மாமி ஆர்டருக்கு. பெயிண்ட் மாதிரி தாராளமாத் தடவு" என்றாள். சரி மேடம் என்றேன். சாயங்காலம் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வேலம்பிசின் வாங்கினேன்.

எங்கள் ஊரில் வேலமரத்துப் பிசினைப் பிள்ளைகள் சுரண்டித் தின்பார்கள். நீரில் ஊறினால் ஒட்டும், காய்ந்தால் கண்ணாடி. பன்னீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டித் தடவிப் பார்த்தேன். முதல் நாள் கெட்டியாகி இதழ் சுருண்டது. இரண்டாம் நாள் தண்ணீராகிச் சீனியைக் கரைத்தது. ஐந்தாம் நாள்தான் பக்குவம் பிடிபட்டது. மார்க்கெட் ரோஜா வேண்டாம், மாலைக்குப் போகிற பூவில் மருந்தடித்திருப்பார்கள் என்று, துறையூர்ப் பக்கம் என் சித்தி தோட்டத்துப் பன்னீர் ரோஜாவை வரவழைத்தேன். என் வீட்டுக்காரர் ராசப்பன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தினமும் காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூடையை இறக்கி வருவார். முட்டை தடவினால் ஒரு நாளில் காய்கிற பூ, பிசினில் மூன்று நாள் எடுத்தது. பதினோரு நாள் குனிந்த தலை நிமிராமல் முந்நூறு பூவையும் முடித்தேன்.

அனுசுயாவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அடுப்படிக்குள் வருவதென்றால் கேமராவோடுதான் வருவாள்.

முட்டையா? அது என் வீட்டுக்குப் போயிற்று. தினமும் மூன்று, நான்கு. காலி அட்டையை மட்டும் அவள் வீட்டுக் குப்பையில் போட்டேன். "நீ வேலை பாக்கறது பூக்கடையா, கோழிப் பண்ணையா?" என்று ராசப்பன் ஆம்லெட்டைத் தின்றுகொண்டே கேட்டார். தின்கிற வாய்க்கு எதற்குக் கேள்வி என்றேன்.

நிச்சயதார்த்தம் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. அனுசுயா பட்டுப் புடவையில் வந்து, பெட்டிகளை அடுக்கிவைத்த மேஜைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள். எல்லாம் அவள் கைவண்ணமாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்கிற கதை. நான் மேஜைக்குப் பின்னால் நின்றேன்.

தட்டு மாற்றி முடிந்தது. சம்பந்தி மாமி ஒரு பெட்டியைத் திறந்து, ரோஜாவை விரலில் எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்போதுதான் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், சொந்தக்காரப் பெண்தான், கள்ளமில்லாமல் கேட்டது.

"மாமி, இதுக்கு முட்டை வெள்ளைக்கருதானே தடவுவா? நான் வீடியோல பார்த்திருக்கேனே."

சம்பந்தி மாமியின் கை அப்படியே நின்றது. சுற்றி இருந்த நாலைந்து பேர் பெட்டியை மூடினார்கள். வேதவல்லி மாமியின் முகம் வெளுத்துப்போனது. பெண்ணுக்குப் பார்த்துப் பார்த்துப் பேசி முடித்த இடம். முட்டையால் முறிந்தது என்று நாளைக்கு வீதி முழுக்கப் பேசுவார்கள். அவர் அனுசுயா பக்கம் திரும்பினார்.

"என்ன இது? முட்டை இருக்கா, இல்லையா? சொல்லுங்கோ."

அனுசுயா ஒரு நிமிஷம் கண்ணைச் சிமிட்டினாள். அப்புறம் என் பக்கம் கையை நீட்டினாள்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் மாமி, முட்டை கூடாதுன்னு. இவதான் எனக்குத் தெரியாமப் போட்டிருப்பா. இவங்க வீட்டுல முட்டை இல்லாம ஒரு வேளை ஓடாது. எவ்வளவு சொன்னாலும் இவங்களுக்கெல்லாம் புத்தி வருமா?"

மண்டபமே என்னைப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். முட்டையைத் தெரியாமல் ஊட்டியவள் என்ற பேரைச் சுமந்துகொண்டு திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் எந்த அடுப்படிக்குள் நான் நுழைவேன்? எனக்குத் தெரிந்தது இந்தக் கைத்தொழில் ஒன்றுதான்.

"நான் போடல" என்றேன். "மாமி, உள்ள வாங்க. ரெண்டு கண்ணாடி டம்ளரும் கொதிக்கற தண்ணியும் குடுங்க. இருக்கா இல்லையான்னு உங்க கண்ணாலயே பாருங்க."

மாமி என்ன நினைத்தாரோ, விறுவிறுவென்று சமையல்கட்டுக்கு நடந்தார். அனுசுயாவும் பின்னாலேயே ஓடிவந்தாள், கைப்பையோடு. உள்ளே சமையல்காரர் பீமராவ் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார். மாமி சொன்னதும் இரண்டு டம்ளரை எடுத்து, கண்ணாடி விரிசல் விடாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூனைப் போட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி வைத்தார்.

"முட்டை இருந்தா வெந்நீர்ல வெந்து வெள்ளை வெள்ளையாத் திரியும். பிசின்னா கரைஞ்சு போயிடும்" என்றேன். பெட்டி ஒன்றைப் பிரித்து, ரோஜாவில் நாலு இதழைக் கிள்ளி முதல் டம்ளரில் போட்டேன்.

சீனி கரைந்தது. தண்ணீர் லேசாகச் சிவந்தது. பன்னீர் வாசனை எழுந்தது. ஸ்பூனால் கலக்கினேன். நூலளவு வெள்ளைகூட இல்லை. பீமராவ் டம்ளரைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "தெளிவா இருக்கு மாமி. சுத்தம்" என்றார்.

மாமி மூச்சை விட்டார். நானும் விட்டேன். விஷயம் அங்கே முடிந்திருக்கும். ஆனால் யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அனுசுயாவுக்கு அந்த யானையின் புத்தி மட்டும் அப்படியே வாய்த்திருந்தது. டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவள், ஆங்காரத்தில் கத்தினாள்.

"அப்ப நான் வாங்கிக் குடுத்த மூணு டஜன் முட்டை என்னடி ஆச்சு?"

பீமராவின் கரண்டி நின்றது.

"எங்க வீட்டுல ஆம்லெட் ஆச்சு மேடம்" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு உண்மையையும் சொன்னதில்லை.

"திருடி! முட்டை திருடி! நாளையிலேருந்து என் வீட்டுப் படி ஏறாத!" என்று அவள் கத்திக்கொண்டே போனாள். தன் வாயால் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. உறைத்தது மாமிக்குத்தான். அனுசுயாவின் கைப்பையைக் காட்டினார்.

"அந்த வெல்வெட்டுப் பெட்டி எங்கே?"

"மாமி, அது வந்து... பழசு..."

"எடுங்கோ."

அனுசுயா எடுத்தாள். மாமியே மூடியைத் திறந்தார். அன்று தான் கிள்ளிய பூவில் மிச்சமிருந்த இதழ்களை, விரல் படாமல் பெட்டியைச் சாய்த்து, இரண்டாவது டம்ளரில் தட்டினார். சீனி கரைந்தது. அப்புறம் இதழ்களின் ஓரத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகத் திரி பிரிந்து, சுருண்டு, டம்ளர் முழுக்க மிதந்தது.

மாமி இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

"மாமி, சயின்ஸ்படி பார்த்தா..." என்று அனுசுயா ஆரம்பித்தாள்.

"நீ பேசாதே" என்றார் மாமி. "வெளியில போ. யார் கண்ணுலயும் படாம, பின்வாசல் வழியாப் போ."

அவள் போனாள். போகிற போக்கில்கூட அந்த மரப்பெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். பீமராவ் இரண்டாவது டம்ளரை ஒரு பழந்துணியால் பிடித்துக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் எறிந்தார். உடைந்த சத்தம் கேட்டது.

மாமி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, முதல் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். சம்பந்தி மாமியிடம் டம்ளரைக் காட்டினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"முட்டை கிட்டை ஒண்ணும் கிடையாது. பிசின்ல பண்ணியிருக்கா. சுஜாங்கற இந்தப் பொண்ணு பதினஞ்சு நாளா சிரமப்பட்டுச் சுத்தமாப் பண்ணியிருக்கு. நானே நின்னு சோதிச்சுப் பார்த்துட்டேன்."

சம்பந்தி மாமி ரோஜாவை வாயில் போட்டார். "அன்னிக்குக் கொடுத்தேளே, அதைவிட இது நன்னாருக்கு" என்றார். மூடிய பெட்டிகள் மறுபடியும் திறந்தன. இரண்டு மூன்று மாமிகள் என் பேரையும் ஃபோன் நம்பரையும் கேட்டார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நம்பர் சொன்னேன்.

அன்றைக்குக் கொடுத்ததைப் பற்றி வேதவல்லி மாமி மூச்சு விடவில்லை. சம்பந்தி தின்ற நாலு இதழ் இந்த ஜென்மத்துக்கு வெளியே வராது. ஆசாரமெல்லாம் அடுத்தவருக்குத் தெரிகிற வரைக்கும்தான்போல என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் இளக்காரம் எழுந்தது. இவரும் அனுசுயாவும் ஒரே மட்டைதான், ஊறியதுதான் வேறே குட்டை என்று நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது.

காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாமி திரும்பவும் சமையல்கட்டுக்குள் வந்தார். பீமராவ் சாப்பாட்டுப் பந்திக்குப் போயிருந்தார். மாமி பக்கத்தில் வந்து நின்றார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கண் கலங்கியிருந்தது.

"முந்நூறு பேர் வாயில போகாமக் காப்பாத்தினே. நீ நன்னாயிருக்கணும்" என்றார். "ஆனா அன்னிக்கு நான் எடுத்து வாயில போட்டுண்டப்போ நீ பக்கத்துலதானே நின்னே?"

"ஆமாங்க மாமி."

"அதுல முட்டைன்னு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"சம்பந்திக்குன்னு மடிச்சு எடுத்துண்டேன். அப்பவும் பார்த்துண்டுதான் நின்னே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதாம்மா?"

அனுசுயாவைச் சொல்ல என்னிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது. எனக்காகச் சொல்லிக்கொள்ள ஒன்றுதான் கிடைத்தது.

"வேலை போயிடும்னு பயந்தேன் மாமி."



"இப்ப மட்டும் இருக்கா?" என்றார்.

பந்தியில் யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார். நான் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுத் தூக்கிக்கொண்டு, அனுசுயா போன அதே பின்வாசல் வழியாக வெளியே வந்தேன்.